ஹோம் தியேட்டர் போடப் போறவங்க கேக்கிற கேள்விகள்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு

இப்ப வீடு கட்டுற கனபேர் மேல்மாடியில ஒரு அறைய தியேட்டர் ரூம் எண்டு ஒதுக்குறாங்க, ஏறாவூரெண்டாலும் சரி அக்கரைப்பற்றெண்டாலும் சரி கதை தொடங்கினா கேள்வி எல்லாம் ஒண்டுதான். வொட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பி அனுப்பி தொண்டை வத்திப் போனதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிப் போடுறன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கன். விலை மட்டும் எழுதல்ல, டொலர் ஏறி இறங்கிற வேகத்துக்கு இண்டைக்கு எழுதினது அடுத்த மாசம் பொய்யாப் போயிரும்.

"பெரிய டீவி ஒண்டும் நல்ல சவுண்ட்பார் ஒண்டும் வாங்கினா முடிஞ்சுதானே, இதில டிசைன் பண்ண என்ன இருக்கு?"

ஹோல்ல குந்தி மெச் பாக்கிறதுக்கு அது காணும், உண்மையாத்தான் சொல்றன், கனபேருக்கு அதுக்கு மேல தேவையே இல்ல. ஆனா அறை ஒண்ட ஒதுக்கி லட்சக்கணக்கில செலவழிக்கப் போறீங்கண்டா நீங்க கேக்கப் போற சத்தத்தில பாதி ஸ்பீக்கர்ல இருந்து வாறது, மீதி சுவர்லயும் டைல்ஸ்லயும் சீலிங்லயும் பட்டுத் திரும்பி வாறது. அந்த மீதிப் பாதிய ஆரும் பெட்டியில போட்டு விக்கிறதில்ல.

அதால நான் ஆருக்கும் முதல் சொல்றது, காசில ஒரு பங்க ரூமுக்கெண்டு எடுத்து வச்சித்து மிச்சத்தில பெட்டிகள வாங்குங்க. மொடல் நம்பர் பாத்து வாங்கிற பெட்டி அஞ்சு வருசத்தில பழசாகும், சுவரும் பைப்பும் அப்பிடியே இருக்கும்.

"ப்ரொஜெக்டரா டீவியா? எனக்கு கிரிக்கெட்டும் வேணும் படமும் வேணும்"

இதுதான் ஆகக் கூடக் கேக்கிற கேள்வி. மெச்சும் படமும் கேக்கிறது வேற வேற. மெச் பகல்ல நடக்கும், பத்துப் பேர் வருவாங்க, லைட் எரியும், தேத்தண்ணி வரும் போகும், ஆள் எழும்பி நடக்கும். படம் இருட்டில, மூணு நாலு பேர், ஒருத்தரும் அசையாம. ப்ரொஜெக்டர் ரெண்டாவதுக்குப் பிறந்தது. 120 இஞ்சித் திரை கிட்டத்தட்ட 43 சதுர அடி, கலரெல்லாம் சரியா செட் பண்ணின ப்ரொஜெக்டர்ல இருந்து ஆயிரம் லூமன் வருதெண்டா அது 80 நிட் அளவு வெளிச்சம்தான் (லூமன் ப்ரொஜெக்டர்ல இருந்து வாற வெளிச்சம், நிட் திரையில நாம பாக்கிற வெளிச்சம்). தியேட்டருக்கான டிஜிட்டல் சினிமா தரமே 48 நிட், ஆகவே இருட்டில அது தாராளம். ஆனா யன்னல் கேர்ட்டினத் திறந்தா புல்வெளி வெளிறிப் போயிரும். நல்ல டீவி ஒண்டு அதே இடத்தில பல நூறு நிட் அடிக்கும்.

என்ட கணக்கு இப்பிடி: முக்கால்வாசி நேரம் மெச்செண்டா 85 இல்லாட்டி 98 இஞ்சி மினி எல்ஈடி டீவி. முக்கால்வாசி படமெண்டா, அறைய முழுசா இருட்டாக்க ஏலுமெண்டா, லேசர் ப்ரொஜெக்டர். லாம்ப் மொடல்ல சில ஆயிரம் மணித்தியாலத்தில பல்ப் மாத்தோணும், லேசருக்கு 20,000 மணித்தியாலம் எண்டு சொல்லி விக்கிறாங்க.

ஓலெட் டீவி படத்துக்கு அற்புதம், கறுப்பு கறுப்பாவே இருக்கும். ஆனா ஒரே சனல்ல நாள் முழுக்க மெச் ஓடுற வீட்டில ஸ்கோர் பட்டியும் சனல் லோகோவும் ஒரே இடத்தில நிண்டு நிண்டு தடம் விழுற ஆபத்து இருக்கு. கலந்து பாக்கிற வீட்டில பயப்படத் தேவையில்ல, டெஸ்ட் மெச் அஞ்சு நாளும் விடாம ஓடுற வீடெண்டா வேணாம்.

"ரூம் 12க்கு 16 அடி. எத்தனை இஞ்சி போடலாம்?"

அளவு ரூம்ல இல்ல, கதிரை எங்க வைக்கிறீங்க எண்டதில இருக்கு. 16 அடி நீளத்தில கதிரைய பின் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, சுவரோரம் பேஸ் குவியும், பின் ஸ்பீக்கருக்கும் இடம் இருக்காது. நாலஞ்சடி முன்னுக்கு இழுத்தா திரையில இருந்து தலைக்கு 11 அடி, அதாவது 132 இஞ்சி. அத 1.6ஆல பிரிச்சா 82, இது 30 டிகிரி பார்வைக் கோணம், மெச்சுக்கு சுகமான அளவு. 1.2ஆல பிரிச்சா 110, இது 40 டிகிரி, படத்துக்கு தியேட்டர்ல இருக்கிற உணர்வு வரும். ஆகவே 85க்கும் 110க்கும் இடையில எது போட்டாலும் சரி.

வாங்க முதல் பழைய பெட்டி அட்டைய அந்த அளவுக்கு வெட்டி சுவர்ல ஒட்டித்து ஒரு கிழமை பாருங்க. உயரமும் அப்பத்தான் விளங்கும், நிமிந்து பாக்கிற மாதிரி இருந்தா ரெண்டாவது மணித்தியாலம் கழுத்துப் பிடிக்கும். கண் மட்டம் திரையின்ட கீழ் மூண்டில ஒரு பங்குக்கு நேர வாற மாதிரி வச்சா நல்லம்.

"இன்னும் சுவர் எழும்பல்ல. மேசன்ட என்ன சொல்லோணும்?"

நீங்க அதிர்ஷ்டக்காரர். முதலாவது, சதுரமாக் கட்ட வேணாம். 12க்கு 12 கட்டினா ரெண்டு பக்கமும் ஒரே 47 ஹேர்ட்ஸ்ல சத்தம் தேங்கி நிண்டு உறுமும். 12க்கு 16 எண்டா ஒண்டு 47ல, மத்தது 35ல, பிரச்சினை பிரிஞ்சு போகும். ஒரு பக்கம் மத்ததின்ட சரியான ரெட்டிப்பா வாறதும் கூடாது, பத்தடி உயரத்தில 10க்கு 20 அறை கன மோசம்.

ரெண்டாவது, பைப். திரை வாற சுவர்ல இருந்து ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தப் பிரிச்சுக் குடுக்கிற அம்ப்) வைக்கிற இடத்துக்கு ஒண்டரை இஞ்சி பீவீசீ பைப் ஒண்டு, ப்ரொஜெக்டர் வாற சீலிங்குக்கு ஒண்டு, பின் ஸ்பீக்கருக்கெல்லாம் ஒவ்வொண்டு. மூலையில 90 எல்போ போட விடாதீங்க, ரெண்டு 45 போடச் சொல்லுங்க, இல்லாட்டி எச்டிஎம்ஐ வயர்ட தலை அதுக்குள்ள சிக்கும். உள்ளுக்கு ஒரு நைலோன் கயிறும் விட்டு வைக்கச் சொல்லுங்க. மேசன் "வயர நேராப் புதைச்சிரலாமே" எண்டு கேப்பார், விடாதீங்க.

மூண்டாவது யன்னல். கட்டாயமெண்டா ஒண்டு, சின்னனா, திரைக்கு எதிர்ச் சுவர்ல இல்லாம.

"டைல்ஸ் போட்ட ரூம், கதைச்சாலே கூவுது. முட்டை அட்டை ஒட்டினா சரியாகுமா?"

ஆகாது. முட்டை அட்டை மெல்லிசு, கீச்சுச் சத்தத்தக் கொஞ்சம் குறைக்கும், மத்ததெல்லாம் அப்பிடியே போய் வரும். அதோட லேசா நெருப்புப் பிடிக்கிற சாமான், வயர் ஓடுற அறையில சுவர் முழுக்க அத ஒட்டுறது நல்லதில்ல.

செய்ய வேண்டியது இதுதான். நடுவில நிண்டு ஒருக்கா கையத் தட்டுங்க. தட்டின சத்தத்துக்குப் பின்னால 'டிர்ர்' எண்டு ஒரு வால் வருதா? எதிரெதிர் வெறும் சுவர் ரெண்டும் சத்தத்த ஆளுக்காள் எறிஞ்சு விளையாடுறதுதான் அது. நிலத்துக்குத் தடிச்ச கார்பட், ஒரு பக்கம் பாரமான கேர்ட்டின், அதிலயே பாதி அடங்கும். மறுகா கதிரையில நீங்க இருக்க, இன்னொராள் பக்கச் சுவரோரம் முகம் பாக்கிற கண்ணாடிய நகத்திக் கொண்டு போகட்டும். கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியிற இடத்தில பென்சிலால அடையாளம் போடுங்க, அந்த இடத்துக்குத்தான் பெனல் வேணும். நாலு இஞ்சி பாறைக் கம்பளி, அதான் ரொக்வூல், ஓடாவியிட்ட சொல்லி மரச்சட்டம் அடிச்சு அதுக்குள்ள வச்சு மேல துணி போத்தினா பெனல் ரெடி.

துணிக்கு கொழும்புக்கு ஓடத் தேவையில்ல, மருதமுனைக் கைத்தறித் துணி இதுக்கெண்டே நெய்த மாதிரி இருக்கும். துணிய வாயில வச்சு ஊதிப் பாருங்க, காத்து லேசாப் போனா சத்தமும் போகும். திரைக்குக் கிட்ட இருக்கிற பெனலுக்கு கடுங் கலர் எடுங்க, ப்ரொஜெக்டர் வெளிச்சம் திருப்பி அடிக்காது. வெள்ளைச் சீலிங்கையும் முன்பக்கம் ஆறடிக்காவது மினுங்காத கறுப்பு இல்லாட்டி கடும் சாம்பல் அடிச்சு விடுங்க. வீட்டம்மா ஒத்துக்க மாட்டா எண்டு தெரியும், அது உங்கட பாடு.

"நானா, ராவு ஒரு மணிக்கு புட்போல் பாக்கிற, பக்கத்து வீட்டில ஏசுறாங்க. இந்தப் பெனல் ஒட்டினா வெளிய சத்தம் போகாதுதானே?"

இல்ல தம்பி, அது வேற இது வேற. மேல சொன்ன பெனல் அறைக்குள்ள எதிரொலியக் குறைக்கும், வெளிய போறத மறிக்காது. மறிக்கிறது பாரமும் அடைப்பும்தான். ஒம்பது இஞ்சிச் செங்கல் சுவர் ரெண்டு பக்கமும் பூசியிருந்தா அது ஏற்கனவே நல்லம். ஓட்டை எங்க எண்டு பாருங்க: யன்னல், ஏசி பைப் போற துளை, கதவு. கதவுக்குக் கீழ அரை இஞ்சி வெளி இருந்தா தேக்குக் கதவு எவ்வளவு பாரமா இருந்தாலும் 20 சொச்சம் டெசிபலுக்கு மேல மறிக்காது. கதவச் சுத்தி றப்பர் பட்டியும் அடியில இறங்குற சீலும் போட்டா குறைஞ்ச செலவில ஆகக் கூடின பலன்.

பேஸ் மட்டும் இதுக்கெல்லாம் அடங்காது, சுவரையும் நிலத்தையும் பிடிச்சு நடக்கும். 2026 உலகக் கிண்ணம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில எண்டதால கனக்க மெச் நம்மட நடுச்சாமத்திலயும் விடியக்காலயிலயும்தான், மெச்சுக்கு சப்வூபர் (பேஸ் அடிக்கிற தனிப் பெட்டி) தேவையே இல்ல, நிப்பாட்டி வைங்க. கோலுக்குக் கத்துறத நிப்பாட்ட என்னட்ட சாமான் இல்ல.

"எங்கட வீடு ஷீட் கூரை. மாரி மழைக்கு டயலொக் ஒண்டும் கேக்காது"

கார்த்திகை மார்கழியில ஷீட்டில விழுற மழைக்கு எந்த அம்ப்பும் ஈடு குடுக்காது. அறைக்கு மேல கொங்கிறீட் பிளேட் போட ஏலுமெண்டா அதுதான் சரியான வழி. ஏலாட்டி கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில ரொக்வூலும் ரெட்டைப் பலகைச் சீலிங்கும் போட்டா நல்லாக் குறையும், முழுசாப் போகாது. கீழ்மாடியில அறை இருந்தா தியேட்டர அங்க கொண்டு போங்க.

"5.1 காணுமா, 7.1 வேணுமா, அட்மொஸ் வேணுமா?"

முதல் நம்பர் சுத்தி நிக்கிற ஸ்பீக்கர், ரெண்டாவது சப், மூண்டாவது சீலிங் ஸ்பீக்கர். 12க்கு 16 அறைக்கு நல்ல 5.1 ஒண்டு, மலிஞ்ச 7.1.4ஐ விட எப்பவும் நல்லம். முன் ரெண்டு ஸ்பீக்கரும் நடுவில இருந்து ஆளுக்கு 22 தொடக்கம் 30 டிகிரிக்குள்ள, நடு ஸ்பீக்கர் திரைக்குக் கீழ காதப் பாத்துச் சரிஞ்சு, பக்க ஸ்பீக்கர் காதுக்குக் கொஞ்சம் பின்னால 110 டிகிரி அளவில. சீலிங்ல ரெண்டு போட்டா அது 5.1.2, டொல்பி அட்மொஸுக்கு அது காணும், மழையும் ஹெலியும் உண்மையா மேல இருந்து வரும். சீலிங் அடிக்க முதல் வயர மட்டும் விட்டு வைங்க, ஸ்பீக்கர் புறகு வாங்கலாம்.

மெச் ஸ்டீரியோவில வந்தாலும் ரிசீவர்ல அப்மிக்ஸ் (ரெண்டு சனல் சத்தத்த எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிக்கிறது) இருக்கு, அதப் போட்டா கொமென்டரி நடுவில நிக்கும், சனத்தின்ட இரைச்சல் சுத்தி வரும். கிரவுண்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும், மெச்சுக்கு ஸ்பீக்கர் செலவழிச்சதின்ட பலன் அங்கதான்.

"ஒரு கதிரையில பேஸ் நெஞ்சில அடிக்குது, பக்கத்துக் கதிரையில ஒண்டுமே இல்ல. சப் பழுதா?"

சப் பழுதில்ல. மேல மேசனுக்குச் சொன்ன 35, 47 ஹேர்ட்ஸ் கதைதான் இது, அந்த அலை அறையில சில இடத்தில குவியும், சில இடத்தில இல்லாமலே போகும். சப்ப நீங்க இருக்கிற கதிரைக்கு மேல தூக்கி வச்சித்து, பேஸ் கனக்க இருக்கிற பாட்டொண்டப் போட்டு, சுவரோரமாத் தவழ்ந்து பாருங்க. எந்த இடத்தில பேஸ் ஒரே சீரா, உறுமாமக் கேக்குதோ அங்க சப்ப வைங்க. பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும்.

எல்லாக் கதிரைக்கும் ஒரே மாதிரி வேணுமெண்டா பெரிய சப் ஒண்ட விட நடுத்தர சப் ரெண்டு, எதிரெதிர்ச் சுவர் நடுவில. ரிசீவர்ல கிரொஸ்ஓவர் 80 ஹேர்ட்ஸ், அதுக்குக் கீழ வாற சத்தம் சப்புக்குப் போகும். மைக் வச்சு அளக்கிற ரூம் கரெக்ஷன ஓட்டும்போது ஏசிய நிப்பாட்டுங்க, ஆரும் கதைக்க வேணாம்.

"புது டீவியில படம் பாத்தா நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது, ஏன்?"

படம் செக்கனுக்கு 24 ஃபிரேம். டீவி இடையில தானா ஃபிரேம் செஞ்சு நிரப்புது, அதான் அந்த வழுக்கல். மோஷன் எண்டு இருக்கிற செட்டிங்க நிப்பாட்டுங்க, இல்லாட்டி ஃபில்ம்மேக்கர் மோட் போடுங்க. மெச்சுக்கு அதே செட்டிங் கொஞ்சம் இருந்தா பந்து தெளிவாத் தெரியும், ஆனா கூட்டி வச்சா பந்துக்குப் பின்னால நிழல் வரும். படத்துக்கு ஒரு இன்புட், மெச்சுக்கு ஒரு இன்புட் எண்டு வச்சா ஒவ்வொண்டுக்கும் தனி செட்டிங் நிக்கும்.

"பக்கத்து வீட்டான் அவுட் எண்டு கத்தின புறகுதான் எங்கட டீவியில போலர் ஓடி வாறான்"

நீங்க அப்ல பாக்கிறீங்க, அவர் டிஷ்ல பாக்கிறார். இன்டர்நெட்டில வாறது துண்டு துண்டாச் சேர்ந்து ஓடுறதால அரை நிமிசம் வரைக்கும் பிந்தும், வேகமான பைபரும் இத முழுசா மாத்தாது. மெச்சுக்கு டிஷ் கனெக்ஷன் ஒண்டு வச்சிருங்க, ஆனா கடும் மழைக்கு டிஷ் போகும், அந்நேரம் அப் உதவும். படத்துக்கு 4கே எண்டா 25 எம்பிபிஎஸ் நிலையா வந்தாக் காணும், வைபையில இல்லாம வயர்ல குடுங்க.

"ஸ்பீக்கர் வயர் மலிவாக் கிடக்கு, வாங்கலாமா? எச்டிஎம்ஐ எத்தனை மீட்டர் போகும்?"

ஹாட்வெயார்ல செம்பு எண்டு தாறது கனக்க நேரம் அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. ஒரு இழைய பிளேட்டால சுரண்டிப் பாருங்க, உள்ளுக்கு வெள்ளி நிறம் தெரிஞ்சா வேணாம், அதிலயும் நம்மட உப்புக் காத்துக்கு அது கெதியா அரிச்சுப் போகும். முழுச்செம்பு 2.5 சதுர மில்லிமீட்டர் நெளிவு வயர் எடுங்க. கரண்ட் வயரோட ஒரே பைப்புக்குள்ள விடாதீங்க.

எச்டிஎம்ஐ 2.1 செம்பு வயர் அஞ்சு மீட்டருக்கு மேல நம்ப ஏலாது. ப்ரொஜெக்டருக்கு பத்து மீட்டர் போகோணுமெண்டா ஒப்டிக்கல் எச்டிஎம்ஐ, அதில ஒரு தலை சோர்ஸுக்கு மத்தது டிஸ்ப்ளேக்கு எண்டு எழுதியிருக்கும், மாறிச் செருகினா படம் வராது.

"கரண்ட் போய் வாற ஊரில இவ்வளவு காசு போட்டு வைக்கிறது பயமா இருக்கு"

பயப்படுறது நியாயம்தான், 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கொண்டு பாய்ஞ்சு முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. ஆனா போறத விட திரும்பி வாற நேரமும் இடியும்தான் பெட்டியக் கொல்லுது. மெயின் போர்டில சேர்ஜ் அரெஸ்டர் (திடீரெண்டு ஏறுற கரண்ட நிலத்துக்கு இறக்கிற சாமான்) போடுங்க, அதுக்கு எர்த் சரியா இருக்கோணும். கடற்கரை மணல்ல எர்த் றொட் காஞ்சு போய் சும்மா நிக்கும், வயரிங் பாஸ மீட்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க. ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காப்பாத்தும், டீவியக் காப்பாத்தாது. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடிக்கு டிஷ் வயரையும் சேர்த்துக் கழட்டுங்க, பிளக்க மட்டும் கழட்டி டிஷ் வயர விட்டா இடி அதால வரும். ப்ரொஜெக்டருக்கும் ரிசீவருக்கும் பியூர் சைன் (லைன் கரண்ட் மாதிரியே சீரா குடுக்கிற) யூபிஎஸ், சப்ப அதில போடாதீங்க.

"வீடு கல்லடிக் கடற்கரையோரம். உப்புக்கு என்ன செய்யலாம்?"

அறைய மூடி வச்சு ஏசியில ஈரத்த எடுக்கிறதுதான் முதல் வேலை. ஸ்பீக்கர் வயர் நுனிய வெறுமனே முறுக்கி விடாம பிளக் போட்டு இறுக்குங்க, வருசத்துக்கு ஒருக்கா கழட்டித் துடைங்க, பச்சை பூத்திருந்தா வெட்டித்துப் புதுசா உரிங்க. டீவி தொங்கிற பிரக்கட் நட்டுகளையும் அந்நேரமே பாருங்க, 98 இஞ்சி டீவி துருப்பிடிச்ச நட்டில தொங்கக் கூடாது. ஏசி வெளி யூனிட் வாங்கும்போது கொயிலுக்கு அரிப்புக்கு எதிரான பூச்சு இருக்கா எண்டு கேளுங்க.

"12க்கு 16க்கு 12,000 பீடியூ ஏசி காணாதா?"

வெறும் அறைக்கு இழுத்துப் பிடிச்சாக் காணும். மெச்சுக்கு எட்டுப் பேர் வந்தா ஆளுக்கு 100 வொட் சூடு, ரிசீவரும் டீவியும் இன்னொரு 500, மொத்தம் 1,300 வொட், அது மட்டும் 4,400 பீடியூ. 18,000 இன்வேர்ட்டர் போட்டு மெல்ல ஓட விடுங்க, மெல்ல ஓடினா சத்தமும் குறைவு. மேல சொன்ன மாதிரி கதவ சீல் பண்ணினா காத்து மாறாது, ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்த எடுக்கிறதில்ல, இடைவேளைக்கு கதவத் திறந்து விடுங்க.

"எல்லாம் போட்டாச்சு. ஆனா படத்தில கதைக்கிறது விளங்கல்ல, வெடி மட்டும் காதப் பிளக்குது"

ரிமோட்டக் கையில வச்சே படம் பாக்கிற வருத்தம் இது. முதல் பாருங்க, நடு ஸ்பீக்கர் கெபினட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கா? விளிம்புக்கு முன்னுக்கு இழுத்து காதப் பாத்துச் சரிச்சு வைங்க. மறுகா ரிசீவர் மெனுவில சென்டர மட்டும் 2, 3 டெசிபல் கூட்டுங்க. டீவியில இருந்து ரிசீவருக்கு சத்தம் ஈஏஆர்சியில (எச்டிஎம்ஐ வயராலயே சத்தத்தத் திருப்பி அனுப்புற வழி) போகுதெண்டா ஓடியோ செட்டிங் பிட்ஸ்ட்ரீம்ல இருக்கோணும், பீசீஎம்ல இருந்தா சில டீவியில அஞ்சு சனலும் ரெண்டாச் சுருங்கி சென்டருக்கெண்டு தனிச் சத்தம் வராது. ராவில நைட் மோட் போட்டா வெடி குறையும் பேச்சு கூடும்.

இதெல்லாம் செஞ்சும் விளங்கல்லண்டா கையத் தட்டிப் பாருங்க, டைல்ஸ் கேள்வியில சொன்ன 'டிர்ர்' இன்னும் இருக்கும். அதுவும் இல்லண்டா அந்தப் படத்த அப்பிடித்தான் மிக்ஸ் பண்ணியிருக்கானுகள், சப்டைட்டிலப் போட்டுத்துப் பாருங்க.